அக்கிக்குப் பார்வை பார்க்கும் பரிகாரிமாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அக்கிக்குப் பார்வை பார்க்கிற, காவி எழுதுகிற, தண்ணீர் ஓதிக் கொடுக்கிற பரிகாரிமாருக்கும், காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை ஓதி ஊதுகிற பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவள். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அப்பா வேளாண்மைக்காரர். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் ஓடுவது உங்களில் ஒருவரிடம்தான். யுத்த காலத்தில் ஆற்றைக் கடக்க முடியாத இரவுகளில் எங்களுக்கு வேறு யார் இருந்தார்கள்? மண்முனையில் பாலம் வந்ததே 2014இல்தான். அதற்கு முன்பு காய்ச்சல்காரனை அக்கரை கொண்டுபோவதென்றால் பாதைப் படகு கிடைக்க வேண்டும், அனுமதி கிடைக்க வேண்டும். அந்த நாட்களில் காசு கேளாமல் கதவு திறந்தவர்கள் நீங்கள். இதை மறந்துவிட்டு நான் இந்த மடலை எழுதவில்லை.

அக்கியைப் பற்றி உங்களுடன் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது. என் அப்பாவுக்கு வலது கண்ணில் பார்வை மங்கிப்போனது அதனால்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாசி மாதம், பெரும்போக அறுவடை முடிகிற நேரம். அப்பாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. சீனி வருத்தம் இருந்தது, குளிசை குடித்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை வயல் வட்டையிலிருந்து வந்தவர், வலப்பக்க நெற்றி எரிகிறது என்றார். வெயிலுக்குள் நின்றதால் இருக்கும் என்று அம்மா ஈரத் துவாய் போட்டார். மறுநாள் தலை வாரச் சீப்பை எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார். “மயிரில தொட்டாலே நெருப்புப் பட்ட மாதிரிக் கிடக்கு புள்ள” என்றார். தோலில் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் ஒரு மருந்தகத்தில் காட்டினோம். பனடோல் தந்து, கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். செவ்வாய் இரவுதான் நெற்றி சிவந்தது. விடியப் பார்த்தால் புருவத்துக்கு மேலே சிவந்த தோலில் கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள். மூக்குத் தண்டுக்கு நேரே கோடு கிழித்த மாதிரி நின்றுவிட்டன. இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை.

புதன் காலை எங்கள் ஊர்ப் பரிகாரியாரிடம் போனோம். அவர் பார்த்த உடனேயே “இது அக்கி” என்றார். சரியாகத்தான் சொன்னார். மருந்தகத்தில் தெரியாதது அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. வேப்பிலையால் தடவிப் பார்வை பார்த்தார், காவி குழைத்துச் சுற்றிவர எழுதினார், மீன் இறைச்சி கூடாது, குளிக்கக் கூடாது, ஏழு நாளில் காயும் என்றார். வியாழக்கிழமை அப்பாவின் மூக்கு நுனியில் ஒற்றைக் கொப்புளம் ஒன்று வந்தது. கண்ணும் சிவந்தது. மறுபடியும் பார்வை பார்த்தோம். இடையில் நான் ஒரு பார்மசியில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். உயிரியல் பட்டம் வைத்திருக்கிற எனக்கே அந்த மூக்கு நுனிக் கொப்புளம் என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். கண் வைத்தியர் கண்ணைப் பார்ப்பதற்கு முன்பு மூக்கைப் பார்த்தார். “இது எப்ப வந்தது?” என்று கேட்டார். வியாழன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கிளினிக் கொப்பியில் எழுதினார். கருவிழியில் விழுந்த தழும்பு மாறவில்லை. அந்தக் கண்ணால் இப்போது பார்ப்பது, புகை பிடித்த போத்தலுக்குள்ளால் பார்க்கிற மாதிரி இருக்கிறதாம்.

கொப்புளம் தொடங்கியது செவ்வாய் இரவு. பரிகாரியார் பார்த்தது புதன் காலை. வெள்ளி இரவு வரை எங்கள் கையில் நேரம் இருந்தது. நான் சொல்ல வந்தது இந்த மூன்று நாளைப் பற்றித்தான்.

அக்கி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் அம்மாள் வருத்தம் வருகிறதே, கொப்புளிப்பான், அதே கிருமிதான் அக்கியும். கொப்புளம் காய்ந்து தலைக்கு வார்த்த பிறகு அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும், மண்டையோட்டுக்குள்ளும் இருக்கிற நரம்பு முடிச்சுகளுக்குள் ஒளிந்து கிடக்கும். முப்பது, நாற்பது, அறுபது வருடம்கூடக் கிடக்கும். வயது போய், அல்லது வேறு வருத்தத்தால் உடம்பின் எதிர்ப்பு குறைகிறபோது ஏதோ ஒரு முடிச்சில் விழித்து, அந்த நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. வருகிற வழியெல்லாம் நரம்பைப் புண்ணாக்கிக்கொண்டு வருவதால்தான் கொப்புளத்துக்கு முதலே எரிவும் குத்தும் தொடங்குகின்றன. அக்கி என்ற சொல்லே அக்கினியிலிருந்து வந்தது என்பார்கள். அந்த எரிவைக் கண்டவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும்.

நரம்புகள் வலம் இடம் என்று சோடி சோடியாகப் பிரிந்து போகின்றன. விழித்தது ஒரு முடிச்சு என்றால் அதன் நரம்பு போகிற பட்டையில் மட்டும்தான் கொப்புளம் வரும். அதனால்தான் அக்கி பெரும்பாலும் உடம்பின் நடுக்கோட்டில் நின்றுவிடுகிறது. “அக்கி இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் முட்டினால் ஆள் தப்பாது” என்று பெத்தா சொல்லுவார். கேட்டால் வயிறு கலங்கும். அந்தப் பயத்துக்குள் ஒரு உண்மையும் இருக்கிறது. நடுக்கோட்டைத் தாண்டி, அல்லது தொடர்பில்லாத பல இடங்களில் பரவுகிற அக்கி, உடம்பில் எதிர்ப்பே குறைந்துவிட்டது என்பதற்கு அடையாளம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள், ஸ்டீரொயிட் குளிசை நெடுநாள் குடிக்கிறவர்கள், எச்ஐவி உள்ளவர்கள் ஆகியோரில் அப்படி வரலாம். அவர்களை வாட்டில் வைத்து இரத்த நாளம் வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். முன்னோர் கண்டது சரி, அதற்கான வழிதான் அவர்கள் காலத்தில் இருக்கவில்லை.

கொப்புளிப்பானும் அக்கியும் ஒரே கிருமியின் இரண்டு முகம் என்ற கருத்துக்கு வலுவான சான்று திரட்டியவர்களில் ஒருவர் உங்களைப் போன்ற ஒரு ஊர் வைத்தியர் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறு நகரத்தில் குடும்ப வைத்தியராக இருந்த எட்கர் ஹோப் சிம்ப்சன், தன்னிடம் வந்த அக்கிக்காரர் ஒவ்வொருவரையும் 16 வருடம் குறித்து வைத்தார். யாருக்கு என்ன வயதில் வந்தது, எந்தப் பக்கம் வந்தது என்று எழுதினார். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் 1965இல், கிருமி நரம்பு முடிச்சில் உறங்கிப் பிறகு விழிக்கிறது என்ற விளக்கத்தை வெளியிட்டார். வீடு வீடாகப் போய் நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்த கண்தான் அதைப் பிடித்தது. உங்களிடமும் அந்தக் கண் இருக்கிறது. அப்பாவின் நெற்றியைப் பார்த்து ஒரு நிமிடத்தில் பெயர் சொன்னதும் அந்தக் கண்தான்.

ஆனால் உங்களுக்குத் தெரியாமல் போகிற ஒன்று இருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்வதாக எடுக்க வேண்டாம். அக்கிக் கொப்புளம் ஒரு மருந்தும் செய்யாவிட்டாலும் ஏழு முதல் பத்து நாளில் பொருக்கு வைக்கும். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் பொருக்கு உதிரும். பார்வை பார்த்தாலும் அப்படித்தான், பார்க்காவிட்டாலும் அப்படித்தான். எனவே உங்களிடம் வந்தவர்களில் அநேகம் பேர் “மாறிட்டு பரிகாரியார்” என்று வெற்றிலை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். வயலில் ஒரு சின்னப் பூச்சி தோலில் நசிந்தால் கோடாகப் பொங்கி எரியுமே, அறுவடைக் காலத்தில் எத்தனை பேருக்கு வருகிறது, அதையும் எங்கள் ஆட்கள் அக்கி என்றுதான் கொண்டு வருகிறார்கள். அதுவும் தானாகவே காயும். இப்படி வருடக்கணக்காக நீங்கள் கண்டதெல்லாம் காய்ந்த கொப்புளம்தான்.

காய்ந்த பிறகும் நரம்பில் நோ நிற்கிறவர் திரும்பி உங்களிடம் வருவதில்லை. அக்கி மாறிவிட்டது, இது வேறு வருத்தம் என்று நினைத்து வீட்டில் கிடப்பார். அக்கி வந்த பத்துப் பேரில் ஒருவருக்காவது, வயதானவர்களில் அதைவிடக் கூடுதலானவர்களுக்கு, மூன்று மாதம் தாண்டியும் நோ நிற்கிறது. சிலருக்கு வருடக்கணக்கில். எங்கள் வீட்டுக்குப் பின்வளவில் இருக்கிற மாமி ஒருவருக்கு நெஞ்சுக் கூட்டின் இடப்பக்கம் வந்தது. பொருக்கு உதிர்ந்து எட்டு மாதம் போன பிறகும் சட்டையின் தையல் அந்த இடத்தில் முட்டக் கூடாது. பழைய சேலையைக் கிழித்து நாலாக மடித்து, அந்த இடத்துக்கும் சட்டைக்கும் இடையில் வைத்துக்கொண்டு திரிந்தார். மின்விசிறிக் காற்றுப் பட்டாலே துடிப்பார். பேரப்பிள்ளை ஓடிவந்து கட்டிப் பிடித்ததற்கு அடித்துவிட்டு, மறுகா தானும் இருந்து அழுதார். இதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பக்கத்து வீடு என்பதால் நான் பார்த்தேன்.

சரி, மூன்று நாளுக்குள் வைத்தியசாலைக்குப் போனால் என்ன செய்வார்கள்? இந்த வைரஸ் பெருகுவதைத் தடுக்கிற குளிசை இருக்கிறது. அசைக்ளோவிர் என்று பெயர். அதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானி கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். கொப்புளம் தொடங்கிய 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். கொப்புளம் கெதியாகக் காயும், புதிது வருவது நிற்கும், கடும் நோ குறையும். கண்ணில் வந்தால் கண்ணைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. வைரஸ் பெருகி நரம்பைத் தின்ற பிறகு கொடுத்தால் அதே மருந்தின் பயன் குறைந்துவிடும். மூன்று நாள் மூன்று நாள் என்று நான் கத்துவது அதனால்தான். அதற்காக, பிந்தி வந்தவரிடம் இனிப் போய்ப் பயனில்லை என்று தயவுசெய்து சொல்லிவிட வேண்டாம். புதுக் கொப்புளம் இன்னும் வருகிறவருக்கும், கண்ணிலோ காதிலோ வந்தவருக்கும், எதிர்ப்பு குறைந்தவருக்கும் பிந்தினாலும் மருந்து கொடுப்பார்கள்.

குடிக்கிற முறையும் கொஞ்சம் கடினம். பெரியவர் ஒருவருக்கு வழமையாக 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஏழு நாள். அப்பாவுக்குத் தந்தது 200 மில்லிகிராம் குளிசை. அப்படியென்றால் ஒரு வேளைக்கு நாலு, நாளொன்றுக்கு இருபது. கடுதாசிப் பையைப் பிரித்துப் பார்த்த அம்மா பயந்துபோய் “இதென்ன, கொல்லவா பாக்கிறாங்க” என்று பாதியைக் குறைக்கப் பார்த்தார். நான் போனில் மணி வைத்து எழுப்பி எழுப்பிக் கொடுத்தேன். உங்களிடம் வருகிறவர் “இவ்வளவு குளிசை உடம்பைக் கெடுக்காதா?” என்று கேட்டால், வைத்தியர் எழுதின அளவைக் குறைக்காமல், தண்ணீர் நன்றாகக் குடித்து முடிக்கச் சொல்லுங்கள். உங்கள் சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கிற மதிப்பு துண்டில் எழுதியிருக்கிற எழுத்துக்கு இல்லை. ஒன்று மட்டும்: சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு அளவைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே பார்மசியில் தாங்களாகவே வாங்கிக் குடிக்கிற மருந்தல்ல இது. நான் வாங்கிப் பூசினேனே ஒரு களிம்பு, அந்த வகைக் களிம்புகள் அக்கிக்கு உதவாது. அதில் எனக்கு இரண்டு நாள் போனது.

இனி, உங்களிடம் நான் கேட்பது. பார்வை பார்ப்பதை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. நோவில் துடிக்கிற மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் கை வைத்து, “பயப்படாதே, மாறும்” என்று சொல்ல ஒருவர் வேண்டும். வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் அது கிடைப்பதில்லை. பார்வை பாருங்கள். பார்த்து முடிந்த கையோடு, அன்றைக்கே, வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். “நான் பார்த்தது பார்த்ததுதான், குளிசையும் குடித்தால்தான் இது முழுசா இறங்கும்” என்று ஒரு சொல் சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. படுவான்கரையார் களுவாஞ்சிகுடிக்கோ மட்டக்களப்புக்கோ போகலாம், தெற்கே உள்ளவர்களுக்குக் கல்முனையும் அக்கரைப்பற்றும் இருக்கின்றன.

நெற்றியிலோ, கண் இமையிலோ, மூக்கிலோ கண்டால் விடியும் வரைகூட வைத்திருக்க வேண்டாம். மூக்கு நுனியில் ஒரே ஒரு கொப்புளம் என்றாலும் சரி. மூக்கு நுனிக்குப் போகிற நரம்பும் கண்ணுக்குள் போகிற நரம்பும் ஒரே கிளையிலிருந்து பிரிபவை. அங்கே கொப்புளம் வந்தால் கண்ணுக்குள்ளும் கிருமி போயிருக்கக் கூடும். ஹட்சின்சன் என்ற ஆங்கில வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த அடையாளத்தைச் சொல்லிவைத்தார். அப்பாவுக்கு வந்த கொப்புளம் ஒரு பயறு அளவுகூட இருக்கவில்லை. கண் சிவக்கவில்லையே என்று காத்திருக்கவும் கூடாது.

காதுக்குள்ளோ காதைச் சுற்றியோ கொப்புளம் வந்து, அந்தப் பக்க வாய் கோணினாலும் அப்படித்தான். வாய் கோணுவதைப் பேய் அறைந்தது என்று சொல்லிக் கழிப்புக் கழித்த வீடுகளை எனக்குத் தெரியும். அது முகத்து நரம்பில் வந்த அக்கி. கெதியாகப் போனால் முகம் பழையபடி வர வழி இருக்கிறது. அக்கியோடு கடும் தலையிடி, காய்ச்சல், கதை தடுமாறுவது, ஆளை மறப்பது என்று கண்டால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

கொப்புளத்தின் மேல் எதையும் பூச வேண்டாம். காவியோ, சாணமோ, சுண்ணாம்போ உடைந்த கொப்புளத்தில் பட்டால் வேறு கிருமி ஏறிச் சீழ் வைக்கும். சீனி வருத்தக்காரருக்கு அது பெரிய புண்ணாகும். எழுதத்தான் வேண்டும் என்று வந்தவர் மனம் கேட்டால், கொப்புளம் இல்லாத தோலில் எட்டத்தில் எழுதுங்கள். ஊசியால் குத்தித் தண்ணீர் எடுக்கவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரால் மெதுவாகக் கழுவி, ஒட்டாத துணியால் தளர்வாக மூடினால் போதும். குளிக்கலாம். மீன் தின்னலாம். பத்தியம் என்று கஞ்சியோடு மட்டும் கிடந்த அப்பா, வழமையான சீனிக் குளிசையையும் போட்டுவிட்டு, ஐந்தாம் நாள் விடியப்புறம் வியர்த்துக் கொட்டி மயங்கப் பார்த்தார். சீனி இறங்கிவிட்டது. சீனித் தண்ணீர் பருக்கித்தான் எழுப்பினோம். பத்தியம் போடுவதென்றால் சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை குடிக்கிறவரா என்று ஒரு கேள்வி கேளுங்கள், அவர் வழமையாகச் சாப்பிடுகிறதைச் சாப்பிடவிடுங்கள்.

அப்புறம் உங்கள் திண்ணையைப் பற்றி. வெள்ளி, செவ்வாய் என்றால் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள். அக்கிக்காரர் இருக்கிற அதே பாயில், பார்வைக்காகக் கொண்டுவந்த கைக்குழந்தை கிடக்கும், வயிற்றுப் பிள்ளைக்காரி இருப்பாள். அக்கியிலிருந்து அக்கி தொற்றாது. ஆனால் அந்தக் கொப்புளத் தண்ணீர் பட்டால், இதுவரை அம்மாள் வராதவருக்குக் கொப்புளிப்பான் வரும். நம்மைப் போன்ற வெக்கை நாடுகளில் சிறு வயதில் கொப்புளிப்பான் வராமலே வளர்ந்துவிட்ட பெரியவர்கள் கூடுதல். அப்படி ஒரு கர்ப்பிணிக்கு வந்தால் நெஞ்சுச் சளியாகி உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளைப்பேற்றுக்குச் சில நாள் முன்பின் வந்தால் பிறக்கிற குழந்தைக்குப் பேராபத்து. கொப்புளம் முழுக்கப் பொருக்கு வைக்கும் வரை அக்கிக்காரரைத் தனியே ஒரு பக்கம் இருத்துங்கள். புண்ணை மூடச் சொல்லுங்கள். தெரியாமல் ஒரு கர்ப்பிணி பக்கத்தில் இருந்துவிட்டால் அன்றைக்கே மிட்வைஃப் மிஸ்ஸிடம் போகச் சொல்லுங்கள்.

கொப்புளம் வருவதற்கு முன்னரும் ஆட்கள் உங்களிடம் வருவார்கள். ஒரு பக்கம் மட்டும் எரிகிறது, துணி பட்டால் கூசுகிறது, தோலில் ஒன்றும் இல்லை என்பார்கள். முதுகில் என்றால் பிடிப்பு என்பீர்கள், விலாவில் என்றால் வாய்வு. அது அக்கியின் முதல் இரண்டு மூன்று நாளாக இருக்கலாம். “இந்த இடத்தை விடிய விடியப் பார், சிவந்தால் உடனே போ” என்று சொல்லி விடுங்கள். இடப்பக்க நெஞ்சில் நோ என்றால் எதற்கும் காத்திராமல் அனுப்புங்கள், அது இதயமாகவும் இருக்கலாம்.

பொருக்கு உதிர்ந்த பிறகும் நோ நிற்கிறவரைப் பற்றி இன்னும் ஒரு சொல். அவர்களுக்கும் மருந்து இருக்கிறது. பனடோல் அந்த நரம்பு நோவுக்குக் காணாது. அமிட்ரிப்டிலின், கபபென்டின், பிரெகாபலின் போன்ற குளிசைகளை வைத்தியர் சிறிய அளவில் தொடங்கிக் கூட்டுவார். பின்வளவு மாமிக்கு இரவில் ஒன்று குடிக்கத் தந்தார்கள். யாரோ “அது பைத்தியத்துக்குக் குடுக்கிற குளிசை” என்று சொல்ல, அவர் குப்பையில் போட்டுவிட்டார். அமிட்ரிப்டிலின் மன அழுத்தத்துக்கும் கொடுக்கிற மருந்துதான், நரம்பு நோவை அடக்குவதும் அதன் வேலைகளில் ஒன்று. நான் போய் விளங்கப்படுத்தி, மறுபடி கிளினிக்குக்குக் கூட்டிப்போய், திரும்பத் தொடங்கி மூன்றாம் கிழமைதான் ஒரு முழு இரவு படுத்து எழும்பினார். முற்றாக மாறவில்லை, ஆனால் மடித்த சேலைத் துண்டை எடுத்துவிட்டார்.

இதை வராமலே தடுக்க ஊசி இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லண்டனில் இருக்கிற தம்பி போனில் “ஏன் அப்பாவுக்கு ஊசி போடல்ல?” என்று கேட்டபோதுதான் நானும் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 2013 முதல் முதியவர்களுக்கு அரசாங்கமே போடுகிறது. 2017இல் வந்த ஷிங்ரிக்ஸ் என்ற ஊசியை இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போட வேண்டும். 50 வயது தாண்டியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அக்கி வராமல் காக்கிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டின. நம் நாட்டின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அக்கி ஊசியும் இல்லை, கொப்புளிப்பான் ஊசியும் இல்லை. அட்டவணையில் சேர்க்கச் சொல்லிச் சுகாதார அமைச்சுக்குத் தனியாக எழுதப் போகிறேன். வசதி உள்ளவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் தங்கள் வைத்தியரிடம் கேட்கலாம். அக்கி ஒரு தடவை வந்து மாறியவரும் போடலாம், ஏனென்றால் அது இரண்டாம் தடவையும் வரக்கூடியது. வந்துகொண்டிருக்கிற அக்கியை அந்த ஊசி மாற்றாது, அதற்குக் குளிசைதான்.

நீங்கள் மாற மாட்டீர்கள் என்று எனக்குச் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊரில் பாம்பு கடித்தால் விஷக்கடிப் பரிகாரியாரின் வீட்டுத் திண்ணையில்தான் கிடத்துவார்கள். இப்போது அவருடைய மகன் பார்க்கிறார். போன வருடம் கண்ணாடிப் புடையன் கடித்த ஒரு பொடியனைக் கொண்டு வந்தபோது, நெற்றியில் திருநீற்றைப் போட்டு, தன்னுடைய மோட்டார் சைக்கிளிலேயே நடுவில் இருத்தி, பாலத்தால் ஏற்றிக்கொண்டு போனார். பொடியன் பிழைத்தான். அவருடைய மதிப்பு அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை. அக்கி பாம்பைப் போல ஒரு நாளில் கொல்லாது. அதனால்தான் அதற்கு யாரும் மோட்டார் சைக்கிளை எடுப்பதில்லை.

இந்த மடலை எழுதுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். “பரிகாரியாரில பிழை சொல்லிப்போடாத. அவர் தனக்குத் தெரிஞ்சதச் செய்தார்” என்றார். எங்கள் பரிகாரியார் இப்போதும் வழியில் கண்டால் சைக்கிளை நிறுத்தி அப்பாவின் கண்ணைப் பற்றிக் கேட்கிறார். அவருக்கும் அது வலிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அக்கி வருகிற இடங்கள், மூக்கு நுனி, காது, மூன்று நாள் கணக்கு எல்லாவற்றையும் படமாகப் போட்டு ஒரு தாள் தயாரித்திருக்கிறேன். எழுத்துப் பெரிதாக இருக்கிறது, கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம். எங்கள் பிரிவுச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்டிப் பிழை திருத்திக்கொண்டு, வைகாசியில் அம்மன் கோயில்களில் குளிர்த்தி தொடங்குவதற்கு முன் வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கம் உங்கள் வீடுகளுக்கு நானே கொண்டுவருகிறேன். திண்ணைச் சுவரில் ஒட்ட ஒரு சாண் இடம் தாருங்கள். படத்தில் விளங்காதது ஏதும் இருந்தால் அங்கேயே சொல்லுங்கள், மாற்றி வரைந்து தருகிறேன்.

அன்புடன்,
படுவான்கரை வேளாண்மைக்காரர் ஒருவரின் மகள்